கல்யாணத் துணி இல்லாமல் உட்கார்ந்தவன்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. முன்னால் நடந்ததைப் பின்னாலும், பின்னால் நடந்ததை முன்னாலும் சொல்லிவிடுவேன். பெயர்கள் மறந்துபோகின்றன. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். போன மாதம் பெண்கள் கூட்டத்தில், ராஜா தன் மகனுக்குக் கல்யாண விருந்து வைத்த கதையைப் படித்தபோது வாய் தவறி ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். "அதை எழுதிக் கொடுங்கள், சபைப் பத்திரிகையில் போடலாம்" என்று பிடித்துக்கொண்டார்கள். முடியாது என்று மூன்று வாரம் சொன்னேன். நாலாவது வாரமும் அதையே சொல்ல வெட்கமாக இருந்தது.

அது உலகச் சண்டைக் காலம். பஸ்கள் கரியில் ஓடின. மண்ணெண்ணெய் கிடையாது. தறிக்கு நூல் கிடையாது. நான் தம்மம்பட்டியில் ஹில்டா அம்மாவுக்குச் சமைத்துக்கொண்டிருந்தேன். அவர் குளிர் தேசத்து வெள்ளைக்கார அம்மாள். எந்த தேசம் என்று இரண்டு தடவை கேட்டும் மனசில் நிற்கவில்லை. உபதேசம் பண்ண வந்தவரல்ல, எழுத வந்தவர். சண்டையால் கப்பல் நின்றுபோய் ஊர் திரும்ப முடியாமல் இங்கேயே இருந்தார்.

அவர் படித்த படிப்பு, ஜனங்களின் வழக்கங்களைப் பற்றிய படிப்பாம். இயேசுசாமி சொன்ன கதைகளெல்லாம் ஏர் ஓட்டுகிறவனுக்கும் மாவு அரைக்கிறவளுக்கும் சொன்ன கதைகள். அந்த வேலை எதையும் செய்தறியாதவர்கள் மேசையில் உட்கார்ந்து அவற்றுக்கு ஆயிரம் அர்த்தம் எழுதிவிட்டார்கள். அதனால் இன்னமும் மாடு பூட்டி உழுகிற ஊருக்குப் போய்க் கதையைச் சொல்லி, கேட்டவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எழுதவேண்டும் என்பது அவருடைய யோசனை. கதையின் அர்த்தம் என்ன என்று ஒருநாளும் கேட்கமாட்டார். "இந்தக் காரியத்தை உங்கள் ஊரில் யார் செய்வார்? செய்யாவிட்டால் யாருக்கு வெட்கம்?" இந்த இரண்டுதான் கேட்பார். அவருடைய தமிழ் புத்தகத் தமிழ். ஜனங்கள் விழிப்பார்கள். ஆகையால் கதையைச் சொல்வது என் வேலையாகிவிட்டது. நாலு பேர் பார்த்தால் எனக்குப் பேச வராது. கதைக்கு மட்டும் எப்படியோ குரல் வந்துவிடும். என்னுடைய பேச்சு இல்லையல்லவா.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் பிறந்தது வெண்ணந்தூரில், நெசவுக் குடும்பத்தில். செல்லாயி என்று பெயர். பதினெட்டு வயசில் புருஷன் போய், நோயும் வந்து, மிஷன் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து அங்கேயே ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டேன். அதற்கு அண்ணன் கோபப்படவில்லை. "பொழைச்சு வந்தாப் போதுஞ் சாமி" என்றார். கோபம் வந்தது அம்மா செத்தபோதுதான். காரியத்தன்று, அந்த வீட்டில் பிறந்த பெண் என்று எனக்கு அண்ணன் கோடிச் சேலை எடுத்துக் கொடுத்தார். மஞ்சள் தடவி, சாமி முன்னால் வைத்து எடுத்த சேலை. அதை வாங்கக்கூடாது என்று எங்கள் உபதேசியார் சொல்லி அனுப்பியிருந்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அண்ணன் நீட்டின கையோடு சபை முன்னால் கொஞ்சநேரம் நின்றார். அன்றைக்குப் பிறகு பதினோரு வருஷம் எனக்கு அந்த வீட்டிலிருந்து ஒரு சேதியும் இல்லை.

அப்படி இருக்கையில், சந்தைக்கு வந்த ஒரு துண்டு வியாபாரி சொன்னான்: "உங்கண்ணன் புள்ளைக்கு ஆவணியில கல்யாணமுங்க. 'செல்லாயிக்குச் சொல்லு, வந்தா வரட்டும்'னாருங்க."

வந்தா வரட்டும். அந்த இரண்டு சொல்லை அன்றைக்கு எத்தனை தடவை திருப்பிப் பார்த்தேனோ. அண்ணன் மகள் சரசுவை நான் இடுப்பில் தூக்கி வளர்த்திருக்கிறேன். இந்தத் தடவை அண்ணன் துணி கொடுத்தால் மஞ்சளோ குங்குமமோ எது இருந்தாலும் இரண்டு கையாலும் வாங்கிக் கட்டிக்கொள்வது, பிறகு உபதேசியார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது என்று தீர்மானித்துவிட்டேன். ஹில்டா அம்மாவிடம் ஐந்து நாள் லீவு கேட்டேன். "நானும் வருகிறேன். வழியெல்லாம் கதை சொல்வோம்" என்று அவர் குடையை எடுத்துவிட்டார்.

முதல் நாள் பஸ். பின்புறம் ஒரு கரி அடுப்பு, பீப்பாய் மாதிரி. கண்டக்டர் அதற்குக் கரி போட்டு ஒரு சக்கரத்தைச் சுற்றோ சுற்றென்று சுற்றினால் புகை எழும்பும், பிறகு பஸ் எழும்பும். முள்ளுக்குறிச்சி தாண்டின ஏற்றத்தில் அது மூச்சை விட்டுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். ஹில்டா அம்மாவும் தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத் தள்ளினார்.

"தொரசானியம்மா தள்ளுனா வண்டி சீமைக்கே போயிருமாட்ட இருக்குது!" என்றார் ஒரு கிழவர். பஸ் இரண்டு முழம்கூட நகரவில்லை.

கரி பிடிக்கட்டும் என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். பக்கத்துப் புன்செய்க் காட்டில் ஒருவர் சோளம் விதைத்துக்கொண்டிருந்தார். ஹில்டா அம்மா என் முழங்கையை இடித்தார். விதைக்கிறவன் கதையை ஆரம்பித்தேன். விதை கொஞ்சம் வழியில் விழுந்தது, கொஞ்சம் கல்லில், கொஞ்சம் முள்ளில், மிச்சம் நல்ல நிலத்தில். ஹில்டா அம்மாவின் தேசத்தில் இதைப் படிக்கிறவர்கள் எல்லோரும், எந்த மடையன் வழியில் போய் விதைப்பான் என்று கேட்பார்களாம்.

அந்தக் காட்டுக்காரர் சிரித்தார். "ஏனுங்க, வெதைச்சுப்போட்டுத்தானே உழுவோம்? இப்ப பாருங்க, சனங்க குறுக்க நடந்து நடந்து இங்கயும் தடம் உழுந்து கெடக்குது. அதும்மேலயும்தான் வெதையைத் தூவியிருக்கறேன். பொறவு ஏரைக் கட்டுனா தடம் எங்க, முள்ளு எங்க? எல்லாம் மண்ணுக்குள்ள போயிரும். அதுக்கு முன்னால காக்கா வந்துட்டா அது காக்காயோட அதிர்ஷ்டம்."

"யாருக்கு வெட்கம்?" என்று கேட்டார் ஹில்டா அம்மா.

"வெக்கமா? உழுவாம ஊட்டுல படுத்துக்கிட்டவனுக்குங்க."

ஹில்டா அம்மா பென்சிலை நாக்கில் நனைத்து நனைத்து எழுதினார். காகிதத்துக்கு மேலே அவர் முகம் சின்னப் பெண்ணுடையதைப்போல இருந்தது. அப்போது அந்தக் காட்டுக்காரர் ஒன்று கேட்டார். "கதை நடந்த ஊர்லயும் வெதைச்சுட்டுத்தான் உழுவாங்களா அம்மிணி? நாம்பாட்டுக்கு எங்க ஊரு வழமையைச் சொல்லிப்போட்டேன். அங்க எப்படியோ?"

நான் அதைச் சொன்னதும் ஹில்டா அம்மா பென்சிலைக் கீழே வைத்தார். "அது என் பயமும் ஆகும். ஆகையால் யார் சொன்னார், எந்த ஊரில் சொன்னார் என்பதையும் எழுதுகிறேன். தவறு நேர்ந்தால் என் மேல் நேரட்டும்" என்றார். எனக்கு அவர்மேல் அன்றைக்குத்தான் நிஜமாகவே மரியாதை வந்தது.

ராசிபுரம் நெருங்க நெருங்க பஸ்ஸுக்குள் 'ங்க' கூடிக்கொண்டே வந்தது. தம்மம்பட்டியில் நான் 'வர்றேன்' என்று பேசிப் பழகியிருந்தேன். இறங்கும்போது பக்கத்திலிருந்த பெண்ணிடம் "வாரேனுங்க" என்றேன். பதினோரு வருஷமாக எங்கே ஒளிந்திருந்ததோ அந்தப் பேச்சு.

அன்றும் மறுநாளும் ராசிபுரத்தில் ஒரு வாத்தியார் வீட்டில் தங்கினோம். அவர் மனைவி ராகிக்களி கிண்டி, நடுவில் குழி பறித்து நெய் ஊற்றினார். எங்கள் தம்மம்பட்டிப் பக்கம் களிக்குக் கீரைக்குழம்புதான். இந்த நெய் வாசனைக்கே இரண்டு உருண்டை கூடப் போகும். ஹில்டா அம்மா களியை மென்றார். மெல்லக்கூடாது, விழுங்கவேண்டும் என்று வாத்தியார் மனைவி வாயைத் திறந்து செய்து காட்டினார். அம்மா விழுங்கிக் கண்ணில் தண்ணீர் விட்டார். ஆனால் இன்னொரு உருண்டை கேட்டார்.

மத்தியானம் தெருப் பெண்கள் கூடினார்கள். ஹில்டா அம்மாவுக்குச் சம்மணம் போட வராது. இரண்டு காலையும் நீட்டி உட்காருவார். அதைப் பார்த்து ஒரே சிரிப்பு. அங்கேதான் கல்யாண விருந்துக் கதையைச் சொன்னேன். ராஜா மகனுக்குக் கல்யாணம். அழைத்த பெரிய மனுஷர்கள் யாரும் வரவில்லை. ராஜா வேலைக்காரரை அனுப்பித் தெருவில் கண்டவர்களையெல்லாம் கூட்டிவரச் செய்தார். பந்தி நிறைந்தது. ராஜா பார்வையிட வந்தார். ஒருவன் மட்டும் கல்யாணத் துணி இல்லாமல் உட்கார்ந்திருந்தான். ஏன் இப்படி வந்தாய் என்று ராஜா கேட்டார். அவன் வாயே திறக்கவில்லை. கையையும் காலையும் கட்டி வெளியே இருட்டில் போடச் சொல்லிவிட்டார் ராஜா.

"தெருவுல போறவனை இழுத்துட்டு வந்துட்டு, நல்ல துணி ஏன் கட்டலைன்னா அவன் எங்க போவானுங்க?" என்றாள் ஒருத்தி உடனே.

"கூப்புட்ட ராசாதான் குடுத்திருக்கோணும். எங்க தெருவுல பந்தல் வாசல்ல நின்னு குடுப்போம். அங்கயே கட்டிக்கிட்டுத்தான் உள்ள வரோணும். கட்டலைன்னா மனசுல பகை இருக்குதுன்னு அர்த்தம்" என்றாள் இன்னொருத்தி.

"ராஜா கொடுத்ததாக எழுதப்படவில்லை" என்றார் ஹில்டா அம்மா. "அவன் ஏன் பேசவில்லை? இதுவே எனக்கு விளங்கவில்லை. தாங்கள் யாது நினைக்கிறீர்கள்?"

"பயமுங்க."

"போட்டுட்டு வந்திருப்பானுங்க, கள்ளு. வாயத் தொறந்தா நாறுமில்ல?"

"ஊமையோ என்னமோ. பாவம், ஊமையைப் போயா கட்டி வீசுறது?"

எல்லாவற்றையும் எழுதினார். எதுவும் அவருக்குப் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. என்னையும் கேட்டார். எனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டேன். எப்போதும் அதுதான் என் பதில்.

மூன்றாம் நாள் வெண்ணந்தூருக்கு மாட்டுவண்டி. ஊருக்குள் நுழைந்தால் தறிச் சத்தம் கேட்டாக வேண்டும். தெரு முழுக்க ஒன்றிரண்டு தறிதான் ஓடியது. பாவு நூலை நீட்டிக் கட்டுகிற இடத்தில் ஆடு மேய்ந்தது. நூல் இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

அண்ணன் பந்தல்காலுக்கு மாவிலை கட்டிக்கொண்டிருந்தார். தலை நரைத்துவிட்டது. ஹில்டா அம்மாவைப் பார்த்து "வாங்க, வாங்க" என்றார். என்னைப் பார்த்தார். மாவிலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம், வந்தது போனது என்றுதான் சொல்வோம். நங்கைதான் ஓடிவந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனது. சொம்பில் தண்ணீர் கொடுத்து, இனிப்புக் கச்சாயம் இரண்டு கையில் வைத்து, காதோடு சொன்னது: "அம்மிணி, இந்த நூல் இல்லாத காலத்துல உங்கண்ணன் ஆறு மாசமா இழை இழையா மிச்சம் புடிச்சு உனக்கு ஒரு சேலை நெஞ்சிருக்குது. மாம்பழ நெறம், அரக்குக் கரை. ஆருக்கும் கையத் தொட உடலை. காலையில பந்தல் வாசல்ல நாந்தான் குடுப்பேன். மஞ்சள் தொட்டுத்தான் இருக்கும். கட்டிக்கோ சாமி. இன்னொருக்கா அந்த மனுசன் தாங்கமாட்டாரு."

"கட்டிக்கறேன் நங்கை" என்றேன்.

சரசு வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். என்னைவிட உயரமாகிவிட்டாள். "அத்தை, நீங்க எம்பக்கத்துலயே நிக்கோணும்" என்றாள். "பந்தல்ல உங்கப்பா எங்க உக்காரச் சொல்றாரோ அங்க" என்றேன்.

நாலாம் நாள் காலை. வெயில் ஏறுமுன் முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டு வண்டிகள் வந்து நின்றன. பந்தல் வாசலில் நங்கை கூடை நிறையத் துணியோடு நின்று, முறைக்காரப் பெண்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்தது. அவர்கள் அங்கேயே மறைப்புக்குள் போய்க் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஹில்டா அம்மாவுக்கு ஒரு வெள்ளைத் துண்டு. அவர் அதைத் தொப்பிமேல் சுற்றிக்கொண்டார்.

என் முறை வந்தது. கூடை காலியாக இருந்தது. நங்கை என் முகத்தைப் பார்க்கவில்லை. "போ அம்மிணி, உள்ள போ" என்று முதுகில் கை வைத்துத் தள்ளியது.

அண்ணன் மனசு மாறிவிட்டார் என்று நினைத்தேன். என்னுடைய வெள்ளைச் சேலையோடு போய் ஒரு பந்தல்கால் ஓரமாக உட்கார்ந்தேன். ஹில்டா அம்மா பக்கத்தில் காலை நீட்டினார். அப்போதுதான் முன்வரிசையில் பார்த்தேன். மாம்பழ நிறம், அரக்குக் கரை. மாப்பிள்ளையின் பெரியத்தை கட்டியிருந்தாள். அந்தம்மாள் ஏதோ சண்டையில் கல்யாணத்துக்கு வரவே மாட்டேன் என்று இருந்தவளாம். கடைசி வண்டியில் திடீரென்று வந்து இறங்கியிருக்கிறாள். அவளுக்கென்று துணி எடுத்திருக்கவில்லை. பந்தல் வாசலில் நின்றுகொண்டு, "எனக்கு மருவாதி இல்லாத ஊட்டுல எங்கண்ணன் மகன் தாலி கட்டறானான்னு பாக்கறேன்" என்றிருக்கிறாள். நங்கை என்ன செய்யும்? கூடையின் அடியிலிருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டது. இந்த விவரமெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது தெரிந்தது நிறம் மட்டும்தான். அதுவே போதுமாக இருந்தது. அண்ணன் மாறவில்லை. அது மனசுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

ஆனால் அண்ணனுக்கு இது தெரியாது. மணவறையிலிருந்து எழுந்து, வந்தவர்களைக் கைகூப்பிக்கொண்டே வந்தவர் என் முன்னால் நின்றார். என் வெள்ளைச் சேலையைப் பார்த்தார். நெசவுக்காரர் கண், தான் நெய்த துணி எங்கே இருந்தாலும் தெரியும். ஆனால் கோபத்தில் அது முன்வரிசையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தது.

"செல்லாயி. எங்க நான் நெஞ்ச துணி?"

மேளம் வாசித்துக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்தவர்கள் திரும்பினார்கள்.

"அன்னிக்கு அம்மா காரியத்துல என்ற கோடியத் தொடலை. சரின்னு இருந்தேன். இன்னிக்கும் தொடலையா? உன்ற சாமிக்கு எங்க மஞ்சள் ஆகலைன்னா அப்பறம் எதுக்குடி வந்தே? வாயத் தொறந்து சொல்லு."

வாசல் பக்கம் நங்கை நின்றது தெரிந்தது. கிண்டிச் செம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தது, கன்னிகாதானத்துக்கு. முகத்தில் ரத்தமே இல்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் தரவில்லை என்றால் போதும். அண்ணன் திரும்பி நங்கையைக் கேட்பார். நங்கை பதில் சொல்லவேண்டும். சம்பந்தி வீட்டுப் பெண் அடுத்தவளுக்கு நெய்ததைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது சபைக்குத் தெரிந்துபோகும். அவள் எழுந்து போவாள். மாப்பிள்ளையும் எழுந்தால் சரசு என்ன ஆவாள்?

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எந்திரிச்சுப் போ" என்றார் அண்ணன். சத்தமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஹில்டா அம்மா, "ஐயா, சற்றே பொறுங்கள்" என்று எழுந்தார். நான் அவர் கையை அழுத்தி உட்காரவைத்தேன். விருந்தாளி எழுந்தால் அது வேறு அவமானம். நான் மட்டும் எழுந்து போனேன். புளியமரத்தடியில் எங்கள் வண்டி அவிழ்த்துக் கிடந்தது. அதன் சக்கரத்தில் சாய்ந்துகொண்டேன். அழவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் நீட்டின கையோடு நின்றாரே, அப்போது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை அதுவரை நான் நினைத்ததே இல்லை.

உள்ளே நடந்ததை ஹில்டா அம்மா பிறகு சொன்னார், அவர் பாஷையில்: "அந்த ஸ்திரீ பாத்திரத்தைத் தரையில் வைத்தார். நடந்தார். அனைவரும் பார்த்தனர். அவர் எவரையும் பார்க்கவில்லை."

பெண்ணைப் பெற்றவள், தண்ணீர் வார்க்க வேண்டியவள், முகூர்த்த நேரத்தில் பந்தலை விட்டு வெளியே வந்துவிட்டது. நேரே வந்து, புதுச் சேலை மண்ணில் படுவதையும் பார்க்காமல், சக்கரத்தின் ஓரமாக என் பக்கத்தில் உட்கார்ந்தது.

"சொல்லீருக்கலாமில்ல அம்மிணி? ஏன் சொல்லலை?"

"சொன்னா உங்களைத்தானே கேப்பாரு நங்கை."

"கேக்கட்டும். நாந்தானே குடுத்தேன்? அந்தப் பொம்பள வாசல்ல மலையாட்ட நிக்குது. கையில வேற துணி இல்லை. உன்னுது இருந்துச்சு. நீ கோவிச்சுக்க மாட்டேன்னு எடுத்துக் குடுத்துட்டேன். நீ கோவிச்சுக்க மாட்டேன்னு எப்படித் தெரியும்? தெரியும், அவ்வளவுதான்." அழுதுகொண்டே சொன்னது. "அதுக்காவ நீ வெளிய, நான் உள்ளவா?"

"எந்திரிங்க நங்கை. முகூர்த்தம் தப்பிரும்."

"தப்பட்டும். நீ எந்திரி, நானும் எந்திரிக்கறேன்."

"என்னைத்தான் போகச் சொல்லிட்டாரே."

"அப்பறம் என்ன? ரெண்டு பேரும் இங்கயே குந்தியிருப்போம். அந்த மனுசன் தனியா நின்னு புள்ளையத் தாரை வாக்கட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் சிரித்தேன் என்று எழுத வெட்கம்தான். நங்கையும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தது.

மேளம் நின்றது. அண்ணன் வெளியே வந்தார். நங்கை எழுந்திருக்காமலே, அவருக்கு மட்டும் கேட்கும்படி நாலு வார்த்தையில் சொன்னது. யார் கட்டியிருக்கிறாள், எதனால் கொடுத்தது, அவ்வளவுதான். அண்ணன் பந்தல் பக்கம் திரும்பி முன்வரிசையைப் பார்த்தார். இப்போது நிறம் தெரிந்திருக்கும். பிறகு எங்கள் வண்டிமாட்டைப் பார்த்தார். அதன் கழுத்துக் கயிற்றை, இறுகவே இல்லாத கயிற்றை, தளர்த்திவிட்டார்.

"மோளம் நிக்குது" என்றார். "ரெண்டு பேரும் வாங்க."

அவ்வளவுதான் சொன்னார். நான் துணி இல்லாமலே உள்ளே போனேன். சபையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க முடியாதபடி அண்ணன் எனக்கு முன்னால் நடந்தார், நங்கை பின்னால் நடந்தது. சரசுவின் பக்கத்தில் ஓரிடம் காட்டி, "இங்க நில்லு" என்றார். மாப்பிள்ளையின் பெரியத்தை அந்தச் சேலையில் நன்றாகவே இருந்தாள். கரை அவளுக்குப் பொருத்தமாக இருந்தது.

பந்தியில் அரிசிச் சோறு கொஞ்சம், சோளச்சோறு நிறைய. சண்டைக் காலத்தில் யார் வீட்டிலும் அப்படித்தான். அண்ணன் பருப்பு வாளியை வாங்கிக்கொண்டு தானே பரிமாறி வந்தார். என் இலைக்கு வந்ததும் குனிந்து, "நூலு கெடைக்கட்டும். வேற நெஞ்சு தாரேன்" என்றார். "செரிங்கண்ணா" என்றேன். நூல் அடுத்த வருஷமும் கிடைக்கவில்லை, அதற்கடுத்த வருஷமும் கிடைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஆவணிக்கும் நான் வெண்ணந்தூர் போனேன். 'வந்தா வரட்டும்' என்று பிறகு அண்ணன் சொல்லி அனுப்பியதே இல்லை. "எப்ப வாரே?" என்றுதான் கேட்டனுப்புவார்.

ஐந்தாம் நாள் வண்டியில் திரும்பினோம். ஊர் எல்லை தாண்டினதும் ஹில்டா அம்மா நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"நீ ஏன் பேசவில்லை?" என்று கேட்டார்.

எப்போதும் போல எனக்கென்ன தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் இது எனக்குத் தெரியும்.

"பந்தல் வாசலில் துணி கொடுக்கிறவர் ஒருவர் இருப்பார் அம்மா. ராஜா நேராகக் கொடுக்கமாட்டார். கூடையில் துணி தீர்ந்துபோயிருக்கும். அந்த மனுஷன் வாயைத் திறந்தால் அந்த வாசற்காரனுக்கு ராஜா முன்னால் தலை போகும். அதனால்தான் அவன் பேசாமல் இருந்திருப்பான். அவனுக்குப் பகையும் இல்லை, குடியும் இல்லை."

அவர் எழுதவில்லை. "அந்தக் கதையில் ராஜா என்பவர் கடவுள் என்கிறார்கள். மற்றவனுக்காகப் பேசாமல் இருந்தவனைக் கடவுள் வெளியே போடுவாரா?"

"அது எனக்குத் தெரியாது அம்மா. எங்கள் ராஜா கோபத்தில் கேட்டார், சரியாகப் பார்க்கவில்லை. பார்த்த பிறகு கூட்டிக்கொண்டார். அங்கே எப்படியோ."

"யார் சொன்னதாக எழுதட்டும்? பெயரும் ஊரும் வேண்டும்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. "ஒரு பெண் சொன்னாள் என்று போடுங்கள்" என்றேன். அவர் என்ன போட்டாரோ தெரியாது. அவர் எழுதும் எழுத்து எனக்கு வாசிக்க வராது. சண்டை முடிந்ததும் கப்பலேறினார். புத்தகம் வந்ததா என்றும் தெரியாது.

இதில் தப்பு இருக்கும். முள்ளுக்குறிச்சி ஏற்றமா, அதற்கடுத்த ஏற்றமா என்பது நிச்சயமில்லை. அந்த ஆவணியில் கரி பஸ் ஓடிற்றா, அடுத்த வருஷம்தானா என்று விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திவிடுங்கள். இன்னொன்றும் பார்க்கவேண்டும். சுவிசேஷத்தில் அந்த விருந்துக் கதையை, பொடி எழுத்து வாசிக்க முடிகிற யாராவது முடிவுவரை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அவனை வெளியே போட்ட பிறகு, உள்ளேயிருந்து யாராவது எழுந்து அவன் பின்னால் போனார்களா? எழுதியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் ஒருதரம் பார்த்துவிடுங்கள்.